ஒதுக்கீடும் ஒதுக்குதலும்: தளபதியின் பங்களா, ஹவில்தாரின் மூன்று சென்ட்

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். இருபத்து நான்கு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டுமனைப் பட்டா தொடர்பாக மனு எழுதித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சை நிற டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். ராணுவத்தில் கொடுத்த காகிதம் ஒன்றுகூடத் தொலையாமல் அதில் இருந்தது.

அதிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார்.

ஒன்று, வடக்கே ஒரு முகாமில் அவருக்குக் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டபோது கொடுத்தது. கதவு எண், ஒப்படைத்த தேதி, எத்தனை மின்விசிறி, எத்தனை பல்பு, எந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்திருக்கிறது என்பது வரை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. பட்டாளத்தில் இதை ‘மார்ச் இன்’ என்பார்கள். இன்னொன்று, அவருடைய அப்பாவுக்கு அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. மூன்று சென்ட். புல எண் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆனால் இடத்தை யாரும் அளந்து காட்டவில்லை. கல் நடவில்லை. அப்பா இறந்தும் போய்விட்டார். பட்டாவில் சொல்லப்பட்ட இடத்தில் இன்றைக்கு வேறொருவரின் முந்திரி நிற்கிறது.

“கவர்மெண்டு ஒண்ணுதான் தம்பி. பேப்பருதான் ரெண்டு மாதிரி” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். ஒரே அரசு, தன் உயரதிகாரிகளுக்கு வீடு கொடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது? நமக்கு வீடு கொடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது?

பதவிக்கு ஏற்ற கூரை

ராணுவத்தில் வீடு என்பது கருணை அல்ல, தகுதி. பதவிக்கு ஏற்ப வீட்டின் அளவு, அறைகளின் எண்ணிக்கை எல்லாம் விதியில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதிகாரிகள் எல்லோருக்கும் குடும்பத்தோடு தங்கும் வீட்டுக்குத் தகுதி உண்டு. சிப்பாய்களில் ஒரு பகுதியினருக்குத்தான் உண்டு. நம் ஹவில்தாருக்கு இருபத்து நான்கு ஆண்டுகளில் இரண்டு முறைதான் குடும்பக் குடியிருப்பு கிடைத்தது. மற்ற காலமெல்லாம் அவர் பாரக்கில், மனைவி பிள்ளைகள் காலனியில்.

மேலே போகப்போக வீடு விரியும். தரைப்படைத் தளபதியின் அதிகாரப்பூர்வ இல்லம் டெல்லியில் ராஜாஜி மார்க்கில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன் இது இன்னும் பெரிது. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமைத் தளபதிக்காக 1930இல் கட்டி முடிக்கப்பட்ட ‘ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ்’ சுமார் 30 ஏக்கர் வளாகம். வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்த தகுதியில் இருந்த வீடு அது. 1948இல் அதைப் பிரதமர் நேரு தன் இல்லமாக்கிக்கொண்டார். தீன் மூர்த்தி பவன் என்று நாம் படிப்பது அந்த வீட்டைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 30 ஏக்கர் என்பது 3,000 சென்ட். கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் வீட்டுமனை 3 சென்ட். ஒரே ஒரு தளபதியின் வளாகத்தில் ஆயிரம் குடும்பங்களுக்கு மனை இருந்திருக்கிறது. அந்த மூன்று சென்டில் பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டப்படி கட்டச் சொல்லும் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிகூட இல்லை. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி.

கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு நகரத்தை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு இருக்கின்றன: பரங்கிமலை–பல்லாவரம், நீலகிரியில் வெலிங்டன். வெள்ளைக்காரன் போட்ட வரைபடம் அது. அதிகாரிகளின் பங்களாக்கள் மரம், தோட்டம், அகன்ற சாலையோடு ஒரு பக்கம். சிப்பாய்களின் லைன் வீடுகள் இன்னொரு பக்கம். கடைத்தெரு தனி. பங்களாவின் பின்கட்டில் வேலைக்காரர்களுக்கான அறைகள். சமூகவியல் முதுகலை வகுப்பில் இந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? ஒரே ஒரு வித்தியாசம். கன்டோன்மென்டில் பதவி உயர்ந்தால் தெரு மாறலாம். ஊரில் அது நடக்காது.

ராணுவச் செயலாளருக்கு வீடில்லை

உண்மையிலேயே பதவி உயர்ந்தால் தெரு மாறுமா? இதற்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்தது மாவ் கன்டோன்மென்டில். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவம் கொடுத்த வேலையும் படிப்பும்தான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின. அதற்கு அடுத்த ஆண்டுகளிலேயே ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கோட்பாட்டைச் சொல்லி மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. கதவு ஒரு தலைமுறைக்குத் திறந்து, அடுத்த தலைமுறைக்கு மூடிக்கொண்டது.

1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பதவி மகாராஜாவின் ராணுவச் செயலாளர். சமஸ்தானத்தின் உயர் பதவிகளில் ஒன்று. அந்தப் பதவிக்குப் பங்களா தானாகக் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது என்ன?

தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ஒளிந்திருப்பதுபோலத் தங்கினார். அரசு பங்களா ஒன்று ஒதுக்கச் சொல்லித் திவானிடம் மனு கொடுத்தார். மனு ஓர் அதிகாரியிடமிருந்து இன்னோர் அதிகாரிக்குப் போய்க்கொண்டே இருந்தது. முடிவு வரவில்லை. பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு விடுதிக்கு வந்து, மாலைக்குள் வெளியேறச் சொல்லி மிரட்டினார்கள். இந்து நண்பரிடம் கேட்டார், கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார். இருவருமே சாக்குச் சொல்லிக் கைவிரித்தார்கள். பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அப்படியே வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

இதை ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். நாம் மேடையில் சொல்லும்போது தடியோடு வந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். எனக்கு அதைவிட அந்த மனுதான் உறுத்துகிறது. தடியோடு வந்தவர்கள் மறைக்காமல் பேசினார்கள். மனுவை வைத்திருந்த அதிகாரிகள் யாரும் ‘உனக்குத் தர முடியாது’ என்று சொல்லவில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். இன்றுவரை நம்மிடம் அரசு பேசும் மொழி அதுதான். உங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள், அதே பதில் வரும்.

உயரத்தில் யார் இருக்கிறார்கள்?

1941இல் மகர் ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர்களில் அம்பேத்கர் முக்கியமானவர். சுதந்திர இந்தியாவில் அந்த ரெஜிமென்டிலிருந்து இரண்டு பேர் தரைப்படைத் தளபதி ஆனார்கள்: கே.வி. கிருஷ்ணா ராவ், கே. சுந்தர்ஜி. இருவருமே மகர்கள் அல்லர். ரெஜிமென்டுக்குச் சிப்பாய் கொடுத்த சாதி ஒன்று, தளபதி கொடுத்த சாதி வேறு. அவர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. யார் எந்தப் படிவரை ஏற முடிந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

படைப்பிரிவுகளில் இடஒதுக்கீடு கிடையாது. எந்தப் பதவியில் எத்தனை தலித்துகள் என்ற கணக்கைப் பொதுவில் வைப்பதும் கிடையாது. அதனால் ‘ராணுவத்தில் சாதி இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

குடிமைப் பணியாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பொதுக் குடியிருப்புகளைப் பாருங்கள். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. முதல், இரண்டாம் வகை வீடுகளில் 10 சதவீதம். மூன்று, நான்காம் வகையில் 5 சதவீதம். அதற்கு மேலே? இல்லை. பங்களாக்களை நெருங்கும்போது ஒதுக்கீடு நின்றுவிடுகிறது. வீடு சிறிதாக இருக்கும் இடத்தில் சமூகநீதி, வீடு பெரிதாகும் இடத்தில் ‘தகுதி’. இதை யாரும் சதி செய்து எழுதியிருக்க வேண்டியதில்லை. உயரத்தில் நாம் இருக்கப்போவதில்லை என்ற எண்ணமே விதியாகிவிட்டது.

விதி இருப்பவர்களும் வளைக்கிறார்கள்

‘நம் மக்களுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள், தகுதியில்லாதவர்கள் வாங்கிவிடுவார்கள்’ என்று பட்டா கேட்கும்போதெல்லாம் ஒரு பேச்சு வரும். அப்படிப் பேசுபவர்களிடம் ஆதர்ஷ் பற்றிக் கேளுங்கள்.

மும்பை கொலாபாவில் 31 மாடிக் கட்டடம். படைவீரர்கள் நலன், கார்கில் தியாகிகளின் குடும்பங்கள் என்று பேசப்பட்ட வீட்டுவசதிச் சங்கம். 2010இல் விவகாரம் வெடித்தபோது அதில் வீடு பெற்றவர்கள் பட்டியலில் இரண்டு முன்னாள் தரைப்படைத் தளபதிகளும் ஒரு முன்னாள் கடற்படைத் தளபதியும் இருந்தார்கள். அரசியல்வாதிகளின் உறவினர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள். முன்னாள் தளபதிகள் வீட்டைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். மகாராஷ்டிர முதல்வர் அசோக் சவான் பதவி விலகினார். அந்த நிலம் மாநில அரசுடையது, கார்கில் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல என்று விசாரணை ஆணையம் சொன்னது. கூடவே 25 பேர் தகுதியற்றவர்கள் என்றும் சொன்னது. 2016 ஏப்ரலில் கட்டடத்தை இடிக்கச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் இடிப்பை நிறுத்திவைத்தது.

அந்தத் தளபதிகளில் யாருக்கும் தலைக்கு மேல் கூரை இல்லாமல் இல்லை. பணிக்காலம் முழுக்க அரசு வீட்டில் இருந்தவர்கள். இதைக் காட்டி ‘ராணுவ அதிகாரிகளுக்கு இனி வீடே கொடுக்கக் கூடாது’ என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு காலனியில் ஒருவர் மனையை அடமானம் வைத்தால் போதும், அந்தக் காலனிக்கே பட்டா கொடுப்பது வீண் என்று பேச ஊரே தயாராக இருக்கிறது.

எல்லையில் நிற்பவருக்குக் கொடுப்பதில் என்ன தவறு?

இந்தக் கேள்வியை என் நண்பர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல், குடும்பத்தை விட்டு எல்லையில் வாழ்க்கை. அவர்களுக்கு வீடு கொடுக்கத்தான் வேண்டும். 2002இல் சுமார் 2 லட்சம் குடியிருப்புகள் கட்டும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்ததும் சரிதான். தளபதியின் பங்களாவைப் பிடுங்கு என்று நான் எழுதவில்லை.

நான் பொறாமைப்படுவது பங்களாவைப் பார்த்து அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் நடைமுறையைப் பார்த்து. அதிகாரிக்கு என்ன அளவு வீடு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வரிசைப்பட்டியல் இருக்கிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தால் சாவியும் வரும். வீடு காலியில்லை என்றால் அரசு சும்மா இருக்க முடியாது, வீட்டு வாடகைப் படி கொடுத்தாக வேண்டும். பெருநகரத்தில் அது இப்போது அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம். அரசு வீட்டில் உரிமையில்லாமல் யாராவது தங்கிவிட்டால் வெளியேற்ற 1971ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அபராத வாடகையும் உண்டு.

இதையெல்லாம் அப்படியே ஒரு காலனிப் பட்டாவுக்குப் பொருத்திப் பாருங்கள். வரிசைப்பட்டியல் எங்கே? சாவிக்குச் சமமான அளவைக் கல் எங்கே? இருபது ஆண்டுகளாக இடத்தைக் காட்டாததற்கு ஹவில்தாரின் குடும்பத்துக்கு யார் வாடகைப் படி கொடுத்தார்கள்? அந்த மூன்று சென்டில் முந்திரி வைத்தவரிடம் யார் அபராதம் வாங்கினார்கள்?

மனை என்பது பழைய போராட்டம்

இது இன்றைய பிரச்சினை அல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் வீட்டைவிட்டே துரத்த முடியும், அதனால்தான் அடிமைத்தனம் தொடர்கிறது என்பது அந்த அறிக்கையின் சாரம். அதன் பிறகு 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில உத்தரவு. சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று காரணை மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

ஒரு ஒப்பீட்டுக்கு: பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் நாடு முழுவதும் சுமார் 18 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதையெல்லாம் நவீனக் கருவிகளைக் கொண்டு அளந்து முடித்துவிட்டார்கள். டிரோன் விட்டு, செயற்கைக்கோள் படம் எடுத்து அளந்தார்கள். அரசுக்கு மனமிருந்தால் 18 லட்சம் ஏக்கரையும் அளக்க முடியும். மூன்று சென்டை அளக்கத்தான் சர்வேயர் இல்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இளம் தோழர்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டின் 31ஆம் எண் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களுக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததை எதிர்த்து நிலக்காரர்கள் போட்ட சமேலி சிங் வழக்கில், உறைவிடம் என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலம் எடுத்ததும் செல்லும் என்றது. மனை கேட்பது பிச்சை அல்ல, 21ஆவது பிரிவு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளைப் படியுங்கள். தலித்துகளுக்குச் சொந்தமான நிலம் மட்டுமல்ல, அவர்களுக்கு ‘ஒதுக்கப்பட்ட’ நிலத்தை ஆக்கிரமிப்பதும் குற்றம். அதாவது அளந்து காட்டாத பட்டா நிலத்தில் முந்திரி வைப்பதும் இதற்குள் வரும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நான்காம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது தண்டனைக்குரியது.

இதை ஹவில்தாரிடம் சொன்னபோது சிரித்தார். பணி முடிந்து வந்த புதிதில் பிள்ளைகளின் படிப்புக்காக ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார். மிலிட்டரிக்காரர் என்றதும் மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம். “எந்தத் தெருங்க நீங்க?” என்று கேட்டார்களாம். சொன்னதும் வீட்டுக்குச் சொந்தக்காரரின் மருமகன் வரப்போவதாக நினைவு வந்துவிட்டதாம். நான்கு வீட்டிலும் அதே கேள்வி. நான்கு வீட்டுக்கும் மருமகன் வந்துவிட்டார். 1917இல் பரோடாவில் ராணுவச் செயலாளருக்கு நடந்ததற்கும் இதற்கும் இடையில் நூறு ஆண்டு ஓடியிருக்கிறது. தடி போய்க் காபி வந்திருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய மாநாடு வேண்டாம். உங்கள் காலனியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். எத்தனை குடும்பத்தில் பட்டா காகிதம் இருக்கிறது, எந்த ஆண்டு கொடுத்தது, என்ன புல எண், இடம் அளந்து காட்டப்பட்டதா, இப்போது யார் கையில் என்று எழுதுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி: இந்தப் புல எண்ணில் எத்தனை பேருக்குப் பட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் அளந்து ஒப்படைக்கப்பட்டது, மீதிக்கு ஏன் இல்லை. பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு ஆதாரம். அதை வைத்துக்கொண்டு ஆட்சியரிடம் தனித்தனியாகப் போகாமல் ஒரே பட்டியலாகப் போங்கள்.

கோரிக்கையும் ஒன்றுதான். அதிகாரிக்கு இருக்கும் நடைமுறை எங்களுக்கும் வேண்டும். பட்டா கொடுக்கும் அன்றே இடத்தில் கல் நட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். குறித்த காலத்தில் இடம் காட்டாவிட்டால் காட்டும்வரை வாடகை கொடுக்க வேண்டும்.

தமிழில் ‘ஒதுக்கு’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. ஒருவருக்கென்று எடுத்துவைப்பதும் ஒதுக்குவதுதான், ஒருவரைத் தள்ளிவைப்பதும் ஒதுக்குவதுதான். தளபதிக்கு முதல் பொருளில் ஒதுக்குகிறார்கள். நமக்கு இரண்டையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்: காகிதத்தில் ஒதுக்கீடு, நிலத்தில் ஒதுக்குதல்.

ஹவில்தாரின் மனுவை எழுதி முடித்தோம். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை முழுதாகப் படித்தார். ‘இடத்தைக் காட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று நான் எழுதியிருந்தேன். பேனாவை வாங்கி, ‘பணிவுடன்’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜெய்பீம்.